டபரா செட்டுக்கு எது சரி? ஃபில்டர் முதல் எஸ்பிரஸோ மெஷின் வரை

என் சமையலறை அலமாரியில் பித்தளை ஃபில்டர் ஒன்று, எவர்சில்வர் ஃபில்டர் இரண்டு, மோக்கா பாட் ஒன்று, ஃப்ரெஞ்ச் பிரஸ் ஒன்று இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலத்து ஆசை. தினமும் உழைப்பது எவர்சில்வரில் சின்னது மட்டும்தான். புதுக் குடித்தனம் போகும் தங்கை, "காபிக்கு எதை வாங்கட்டும் அண்ணா?" என்று கேட்டதால் எல்லாவற்றையும் மறுபடி வெளியே எடுத்து, தராசும் அளவுக் குவளையுமாக உட்கார்ந்தேன்.

அவளிடம் நான் முதலில் கேட்டது, பால் காபியா, வெறும் கருப்பா என்று. "இதென்ன கேள்வி, பால்தான்" என்றாள். சரி, பாதிக் கடை அங்கேயே அடைபட்டுவிட்டது.

காரணம் எளிய கணக்கு. நம் வீட்டு டம்ளரில் 100 மில்லி பாலுக்கு 25 முதல் 30 மில்லி டிகாஷன் விடுகிறோம். அவ்வளவு பாலையும் தாண்டி அந்தக் கொஞ்சம் டிகாஷன் நாக்கில் தெரிய வேண்டும். ஆகவே ஒரு கிராம் தூளிலிருந்து எத்தனை மில்லி இறங்குகிறது என்று பார்த்தால் போதும். எண் சிறியதாக இருந்தால் டிகாஷன் கெட்டி.

எவர்சில்வர் ஃபில்டரில் 30 கிராம் தூள் போட்டு, கொதித்து அடங்கிய தண்ணீர் 150 மில்லி ஊற்றினேன். தூள் தன் எடையைப்போல இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கீழே இறங்கியது சுமார் 90 மில்லி. அதாவது கிராமுக்கு 3 மில்லி. மூன்று டம்ளருக்குத் தாராளம். அப்புறம் கொஞ்சம் தண்ணீர் விட்டு எடுக்கும் இரண்டாம் டிகாஷனை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது விருந்தாளி எதிர்பாராமல் வந்தால் மட்டும் உதவும்.

பித்தளையா, எவர்சில்வரா என்ற சண்டையை இங்கேயே முடித்துவிடலாம். ஒரே தூள், ஒரே தண்ணீர், இரண்டு ஃபில்டர். எது எதிலிருந்து வந்தது என்று சொல்லாமல் மனைவி இரண்டு டம்ளர் கொடுத்தாள். "இதுதான் பித்தளை" என்று நான் பெருமையாகக் காட்டியது எவர்சில்வர். கனமான பித்தளை கொஞ்ச நேரம் கூடுதலாகச் சூடு தாங்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். பூச்சு தேய்ந்தால் காபியின் புளிப்பு பித்தளையோடு சேர்ந்து ஒரு உலோகச் சுவை வரும். மறுபடி வெள்ளீயம் பூச ஆள் தேட வேண்டும், வாரம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டும். கொலுவில் வைக்க அழகான பொருள். தினசரிக்கு எவர்சில்வர்.

உலோகத்தைவிட அளவுதான் முக்கியம், கடையில் இதை யாரும் சொல்வதில்லை. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் பெரிய ஃபில்டரை வாங்கி, அடியில் மெல்லிய படுகையாகத் தூள் போட்டால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். கிடைப்பது காபி நிறத் தண்ணீர். மேல் பாத்திரத்தில் தூள் பாதியாவது நிற்கும்படி ஃபில்டர் சின்னதாக இருக்கட்டும். விருந்துக்குத் தனியாகப் பெரியது ஒன்று வாங்கிக்கொள்ளலாம். துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவில் எல்லாம் ஒரே சீராக இருக்க வேண்டும். குடை போன்ற அந்தத் தட்டைத் தூளின்மேல் லேசாக அமுக்கினால் போதும், பலம் காட்டினால் இறங்காது.

சில நேரம் தட்டில் தப்பே இல்லாமல் டிகாஷன் நின்றுவிடும். இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்தி, கீழே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. மேல் பாத்திரத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் சொட்டத் தொடங்கும். பல மாதப் பழக்கத்தில் துளைகளே அடைபட்டால், மேல் பாத்திரத்தைக் காலியாக்கி அடிப்பக்கத்தை காஸ் தீயில் காட்டுங்கள், அடைந்த தூள் கருகி உதிர்ந்துவிடும். இண்டக்‌ஷன் வீட்டில் அதற்கு வழியில்லை, பழைய பிரஷ்தான்.

ஃபில்டரின் ஒரே குறை நேரம். இருபது நிமிடம், சில நாள் அரை மணி. இரவே போட்டு வைத்துவிட்டால் காலையில் அந்தக் குறையும் இல்லை.

அந்த நேரத்தை மிச்சப்படுத்தத்தான் மோக்கா பாட் வாங்கினேன். இத்தாலியில் 1933-இல் பியாலெட்டி கொண்டுவந்த சாதனம். கீழே தண்ணீர், நடுவில் தூள். நீராவியின் அழுத்தம் தண்ணீரைத் தூள் வழியாக மேலே தள்ளும். ஐந்தாறு நிமிடத்தில் வேலை முடிந்தது. மணமும் பிரமாதம். ஆனால் மூன்று கப் அளவுப் பாத்திரத்தில் 16 கிராம் தூளுக்கு ஏறக்குறைய 120 மில்லி வந்தது. கிராமுக்கு ஏழரை மில்லி! பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் ஃபில்டர் டிகாஷனில் பாதி வலுகூட இல்லை. பால் அளவைக் குறைத்தால் நல்ல காபி, நம் கணக்குப்படி விட்டால் பால் வாசனைதான். இன்னொன்று, சிக்கரி கலந்த நைஸான தூளை இதில் அமுக்கி நிரப்பாதீர்கள். வழி அடைபட்டு அழுத்தம் ஏறும். பக்கத்தில் இருக்கும் பாதுகாப்பு வால்வு சும்மா அலங்காரத்துக்கு வைத்ததல்ல. அலுமினிய மோக்கா பாட் இண்டக்‌ஷனில் சூடாகாது. தங்கை வீட்டில் இருப்பது இண்டக்‌ஷன், ஆகவே இதுவும் போயிற்று.

தூளை வெந்நீரில் ஊறவைத்து வலைத்தட்டால் அமுக்கி வடிக்கும் ஃப்ரெஞ்ச் பிரஸ் கருப்புக் காபிக்காரர்களுக்கு. லிட்டருக்கு 60 கிராம் என்பது வழக்கமான அளவு, அதாவது கிராமுக்குப் பதினாறு மில்லிக்கும் மேல். கொரகொரப்பான தூள், நான்கு நிமிடம். நம் கடைத் தூளைப் போட்டால் அடியில் சேறு. தூள் அடைத்த சின்ன டப்பியைப் போட்டு எடுக்கும் காப்ஸ்யூல் மெஷினில் ஐந்தாறு கிராமுக்கு 40 மில்லி வரும், மோக்கா பாட் வலுதான். ஒவ்வொரு கோப்பைக்கும் காசு தனி.

ஃபில்டரை மிஞ்சுவது, வெந்நீரைப் பம்ப்பின் அழுத்தத்தில் தூள் வழியாகத் தள்ளும் எஸ்பிரஸோ மெஷின் ஒன்றுதான். 18 கிராமுக்கு 36 மில்லி, கிராமுக்கு இரண்டு. 25, 30 விநாடியில் முடிந்துவிடும். பெட்டியில் 15 பார், 20 பார் என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். எஸ்பிரஸோவுக்கு வேண்டிய அழுத்தம் 9 பார் அளவுதான், அந்த எண் பம்ப்பின் உச்சத் திறன். ஆனால் மெஷினோடு செலவு நிற்காது. கொட்டையை அப்போதைக்கப்போது ஒரே சீராக அரைக்கும் பர் கிரைண்டர் வேண்டும். மிக்ஸி ஜாரில் அரைத்தால் பாதி மாவு, பாதி நொய். சிக்கரித் தூளையும் எஸ்பிரஸோ மெஷின் சரியாக ஏற்காது. சிக்கரி இல்லாமல் குடிக்கப் பழகியவர், வார இறுதியில் இதையே பொழுதுபோக்காகக் கொள்பவர் வாங்கலாம். காலை ஏழு மணிக்குக் குழந்தையைப் பள்ளிக்குக் கிளப்பும் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

மெஷினுக்கு ஆகும் பணத்தில் கொஞ்சத்தைத் தூளில் போடுங்கள். பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது விதி. அதனால்தான் 53:47 என்ற பாக்கெட்டெல்லாம் உண்டு. விலை குறைவாக, டிகாஷன் கறுப்பாக, ஆனால் கசப்பு மட்டும் தூக்கலாக இருந்தால் அந்த எண்ணைப் பாருங்கள். எனக்கு 80:20, காபிக்கொட்டை வகையில் பாதி பீபரி, பாதி பிளான்டேஷன் ஏ. தெருமுனைக் கடையில் கண்முன்னே அரைத்து வாங்குவது, ஒரு வாரத்துக்கு மட்டும்.

அலுவலகக் கதை வேறு. பன்னிரண்டு பேருக்கு 360 மில்லி டிகாஷன், அதற்கு 120 கிராம் தூள். மின்சார டிரிப் மேக்கரில் அத்தனை நைஸ் தூளைப் போட்டபோது வடிகட்டி நிரம்பி மேசையெல்லாம் வழிந்தது. பால்பொடி கலந்த பிரீமிக்ஸ் மெஷினைப் பற்றிப் பேச விருப்பமில்லை, அதில் வருவது சூடாக இருக்கும். கடைசியில் நாங்கள் பெரிய ஃபில்டர் ஒன்று வாங்கினோம். முதலில் வருபவர் போட்டுவிடுவார், இறங்கியதும் சின்ன ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடிவிடுவோம். டிகாஷனை நேரடியாகச் சூடு பண்ணுவதில்லை, ஆறிப்போனால் கொதிக்கும் பாலே அதைச் சூடாக்கிவிடும். பாலுக்குத் தனியாக இண்டக்‌ஷன் அடுப்பும் பாத்திரமும். தண்ணீர் கெட்டிலில் பாலைக் காய்ச்சி அடிபிடிக்க வைத்தவர் யார் என்று இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

தங்கைக்கு மூன்று டம்ளர் அளவு எவர்சில்வர் ஃபில்டரும் ஒரு கெட்டிலும் வாங்கிக் கொடுத்தேன். பித்தளையையும் கேட்டாள், கொலுவுக்காம்.