பல்லைக் கடித்துக்கொண்டு படித்தால்: நைட் கார்டா, பகல் கவனிப்பா?

பல்லைக் கடித்துக்கொண்டு இந்த ஒரு செமஸ்டரைத் தாண்டிவிடு என்று வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார், சீனியர்கள் சொன்னார்கள், வீட்டிலும் சொன்னார்கள். நான் அந்தப் பேச்சை எழுத்துக்கு எழுத்து கேட்டுவிட்டேன், அதுதான் வினை. ஆய்வறிக்கை எழுதிய நான்கு மாதத்தில் முதலில் காதுக்கு முன்னால் ஒரு 'டக்' சத்தம் வந்தது, அப்புறம் சாயங்காலமானால் நெற்றிப்பொட்டில் வலி, கடைசியில் கொட்டாவி விடுவதற்கே பயம். காதில்தான் கோளாறு என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனால், காது நன்றாக இருக்கிறது, பல் டாக்டரைப் பார் என்று அனுப்பிவிட்டார். பல் டாக்டர் காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடச் சொன்னார், அரை நிமிடத்தில் விஷயம் முடிந்தது: தாடை மூட்டு.

அவர் முன்வைத்த வழிகள் இரண்டு. இரவில் பற்களின் மேல் உறைபோல் மாட்டிக்கொள்ளும் நைட் கார்டு ஒன்று, பகலில் தாடையைக் கவனித்துப் பழக்கத்தை மாற்றுவதும் பயிற்சி செய்வதும் இன்னொன்று. நான் முதலாவதை எடுத்து, பாதி வழியில் இரண்டாவதற்கு மாறினேன். ஆகவே நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள், நான் இரண்டாவதன் கட்சி.

தாடை மூட்டுக் கோளாறு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, மாணவர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் அடிக்கடி தென்படும் ஃபொன்சேகா கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது. பத்துக் கேள்வி, ஆம் என்றால் 10, சில நேரம் என்றால் 5, இல்லை என்றால் 0. மொத்தம் 15 வரை வந்தால் கவலையில்லை, 45 முதல் 65 வரை நடுத்தரம், 70 முதல் கடுமை. எனக்கு 55 வந்தது. ஒன்பது கேள்விகள் வலி, சத்தம், கழுத்து, தலைவலி, கடி (மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தும் விதம்) என்று போகும், கடைசிக் கேள்வி மட்டும் நீங்கள் பதற்றப்படும் ஆளா என்று கேட்கும். அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, ஏனென்றால் என் மற்ற விடைகளுக்கெல்லாம் காரணம் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. (இது வடிகட்டிப் பார்க்கும் தாள்தான், நோயை உறுதி செய்வது டாக்டர் வேலை.)

முதலில் நைட் கார்டு. பல்லை அச்செடுத்து, கடினமான அக்ரிலிக்கில் மேல் வரிசை முழுவதையும் மூடும்படி செய்து தந்தார்கள். அது செய்யும் வேலை என்ன என்பதில் நான் ஏமாந்துவிட்டேன். பல் தேயாமல் காப்பாற்றும், விழும் அழுத்தத்தை எல்லாப் பற்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும். கடிப்பதை நிறுத்தாது! போட்டுக்கொண்டே கடிக்கலாம், தாராளமாக. முதல் இரண்டு வாரம் காலையில் கொஞ்சம் லேசாக இருந்தது உண்மைதான். பராமரிப்பு பெரிய கஷ்டமில்லை: குளிர்ந்த தண்ணீரில் மென்மையாகத் தேய்த்துக் கழுவி டப்பாவில் வைக்க வேண்டும், வெந்நீர் பட்டால் வளைந்துவிடும், விடுமுறைக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துப் போக வேண்டும். இடையில் ஒரு பல்லை அடைத்தேன், உடனே கார்டு சரியாக உட்காரவில்லை, மறுபடி டாக்டரிடம் போய் உரசிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. மருந்துக்கடையில் கிடைக்கும், சுடுநீரில் முக்கிக் கடித்து வடிவம் ஏற்றும் ரகத்தை நான் போட்டதில்லை. முன்பற்களை மட்டும் மூடும் சின்ன ரகங்களை நீண்ட நாள் போட்டால் கடியே மாறிப்போக வாய்ப்புண்டு, டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். என் விஷயத்தில் கணக்கைத் தீர்த்தது ஒரே ஒரு கேள்வி: வலி எந்த நேரத்தில் வருகிறது?

எனக்குக் காலையில் தாடை கிட்டத்தட்ட நன்றாக இருக்கும். பத்து மணிக்கு மேஜையில் உட்கார்ந்தால் மூன்று மணிக்குக் கன்னம் கனக்கத் தொடங்கும், ஆறு மணிக்குப் பொட்டு இடிக்கும். இதை ஒரு வாரம் குறித்து வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது: இரவில் மாட்டும் சாமானை வைத்துக்கொண்டு பகல் திருடனைப் பிடிக்கப் பார்த்திருக்கிறேன். விழித்திருக்கும்போது பல்லை இறுக்குவதும் தூக்கத்தில் நறநறப்பதும் இரண்டு வேறு சங்கதிகள் என்று 2018இல் வந்த சர்வதேச நிபுணர்களின் ஒருமித்த கருத்தும் பிரித்தே வரையறுக்கிறது. ஒருவருக்கு இரண்டுமே இருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கலாம். என்னிடம் யாரும் இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாதாரணமாக ஒரு நாளில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொள்ளும் நேரம், மெல்லுவதும் விழுங்குவதும் சேர்த்தே, சுமார் 20 நிமிடம்தான் என்று பல் மருத்துவத்தில் சொல்வார்கள். மற்ற நேரமெல்லாம் உதடு மூடியிருந்தாலும் பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி இருக்க வேண்டும். எனக்கு இது புதுச் செய்தி. வாயை மூடினால் பல்லும் மூடியிருக்கும் என்றுதான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். புத்தகத்தில் பக்கம் திருப்பும்போதெல்லாம் பல் தொட்டிருக்கிறதா என்று பார்த்து ஓரத்தில் புள்ளி வைத்தேன், முதல் நாள் 30 தடவை பார்த்ததில் 19 தடவை தொட்டிருந்தது. ஆய்வாளர்கள் இதற்கே செல்பேசிச் செயலி வைத்திருக்கிறார்கள், எதேச்சையான நேரங்களில் ஒலித்து, இப்போது தாடை தளர்வா, பல் தொடுகிறதா, இறுக்குகிறீர்களா, நறநறக்கிறீர்களா, பல் படாமலே தாடையை விறைத்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்கும். எனக்குப் பக்க ஓரமே போதும்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். மேடையேறிப் பேசும்போது, பேராசிரியர் திட்டும்போது எல்லாம் நான் கடிப்பதே இல்லை. புள்ளியியல் அட்டவணையை உற்றுப் பார்க்கும்போதும், மேற்கோள் பட்டியலைத் திருத்தும்போதும்தான் கடிக்கிறேன். பதற்றமான மாதத்தில் இந்த வேலைகள் வந்தால் இன்னும் கூடுதலாக. மன அழுத்தம் என்றால் அழுகையும் படபடப்பும்தான் என்று நினைத்திருந்தேன், என் உடம்பில் அது மௌனமாகத் தாடையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

சரி, பிடித்துவிட்டால் என்ன செய்வது? 'ன்' என்று சொல்லிப் பாருங்கள். 'ந்' சொன்னால் நாக்கு பல்லில் முட்டும். 'ன்' சொன்னால் மேல் பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மேட்டில் போய் நிற்கும். நாக்கை அங்கேயே விட்டுவிட்டு உதட்டை மட்டும் மூடுங்கள், பல்லைக் கடிக்க அவ்வளவு எளிதில் வராது. பள்ளியில் ந, ன வேறுபாட்டுக்கு வாங்கிய குட்டு இருபத்து சொச்சம் வயதில் இப்படிப் பயன்பட்டது. இதோடு, நாக்கு அந்த இடத்தில் இருக்க வாயை மெதுவாகத் திறந்து மூடுவதை ஆறு தடவை, நாளுக்கு ஆறு வேளை செய்தேன். கன்னத்தில் பதினைந்து நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம், சூயிங்கமுக்கும் பேனா கடிப்பதற்கும் விடுப்பு, மோவாயைக் கையில் தாங்கிப் படிப்பதற்கும் விடுப்பு. அவ்வளவுதான்.

உடனே பலன் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் மூன்று வாரம் கடிப்பதைக் கண்டுபிடிப்பதே வேலையாகப் போனது, வலி அப்படியே இருந்தது. இரண்டு மாதத்தில் சாயங்கால வலி வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைந்தது. மோசமான நாளில் முன்பற்களுக்கு நடுவே இரண்டு விரல்தான் நிறுத்திவைக்க முடிந்தது, இப்போது மூன்று போகிறது. 'டக்' சத்தம் இன்னும் இருக்கிறது. வலியில்லாமல், வாய் சிக்காமல் வெறும் சத்தம் மட்டும் என்றால் அதற்கு வைத்தியம் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள், நானும் விட்டுவிட்டேன்.

என் கட்சிக்கு ஒரு பலமான சாட்சியும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை மூட்டு வலிக்கு 2023 டிசம்பரில் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு வழிகாட்டுதல் வந்தது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசி மாற்றும் மனநலச் சிகிச்சை), மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சி, தசையைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, விளக்கிச் சொல்லி வீட்டுப் பயிற்சி தருவது ஆகியவற்றை அது அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. நைட் கார்டு போன்ற கழற்றி மாட்டும் தகடுகளில், நிபந்தனையோடுதான் என்றாலும், வேண்டாம் என்ற பக்கமே சாய்கிறது. ஆனால் அது வலியைப் பற்றிய பேச்சு, பல் தேய்மானத்தைப் பற்றியது அல்ல.

அங்கேதான் என் அனுபவம் ஒல்லியாகிறது. அறைத்தோழர் எழுந்து உட்காரும் அளவுக்கு நீங்கள் இரவில் நறநறத்தால், பல்லின் விளிம்பு தேய்ந்தோ உடைந்தோ இருந்தால், காலையில் எழும்போதே தாடை விறைத்திருந்தால், நைட் கார்டை என் பேச்சைக் கேட்டு ஒதுக்காதீர்கள். தூக்கத்தில் 'ன்' சொல்ல யாராலும் முடியாது. மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும், குறிப்பாக எஸ்எஸ்ஆர்ஐ வகை, பல் கடிப்பதைத் தூண்டக்கூடும். அப்படியொன்று எடுத்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் தாடையைப் பற்றியும் சொல்லுங்கள். தாடைத் தசையைத் தளர்த்தப் போடும் போடாக்ஸ் ஊசியை நான் போட்டதில்லை, அதனால் பேசப் போவதில்லை. வாய் திறக்க முடியாமல் சிக்கிக்கொண்டாலோ, வீக்கமும் காய்ச்சலும் வந்தாலோ இந்த ஒப்பீட்டை மூடிவைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

கார்டு இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது. வைவாவுக்கு (ஆய்வறிக்கையின் வாய்மொழித் தேர்வு) முந்தின வாரம் ஒரு காலை தாடை கனத்தபோது எடுத்து இரண்டு இரவு போட்டேன், வாயெல்லாம் எச்சில்.