டன்டடன் 2, மாப் சைக்கோ 2: எந்த இரண்டாவது சீசன்?

2024 டிசம்பரில் டன்டடன் என்ற ஜப்பானிய அனிமே தொடரின் முதல் சீசன் முடிந்தபோது நாயகி மோமோ ஒரு வெந்நீர் ஊற்றுக் குளத்தில் தனியாக மாட்டிக்கொண்டு நின்றாள். சுற்றிலும் முன்பின் தெரியாத ஆண்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். மீதியைப் பார்க்க 2025 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த எரிச்சலில்தான் மாப் சைக்கோ 100 தொடரின் இரண்டாவது சீசனை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்ததால் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. கதையின் முக்கியமான திருப்பங்களைச் சொல்லித்தான் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டுமே பேய், அமானுஷ்யம், கிறுக்குத்தனமான நகைச்சுவை கலந்தவை. இரண்டிலும் நாயகன் பள்ளியில் யாரும் கண்டுகொள்ளாத பையன். இன்னொரு ஒற்றுமையும் உண்டு: இரண்டுக்கும் திரைக்கதைப் பொறுப்பு ஹிரோஷி செகோவுடையது. ஆகவே வித்தியாசம் மூலக் கதைகளிலிருந்தும், அவற்றைப் படமாக்கியவர்களிடமிருந்தும் வருகிறது என்றே நினைக்கிறேன்.

கிறுக்குத்தனத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. முதல் முறை வாய்பிளக்க வைப்பது இரண்டாம் முறை பழகிவிடும். டன்டடன் முதல் சீசனில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் டர்போ பாட்டி என்ற பேய் நாயகன் ஒக்காருனின் அந்தரங்க உறுப்பையே திருடிக்கொண்டு போனாள். அதற்கு மேல் எங்கே போவது? இன்னும் பெரிதாக ஊதுவது ஒரு வழி. சிரித்த விஷயத்துக்கே விலை கேட்பது இன்னொரு வழி. டன்டடன் முதல் வழியில் போனது, மாப் சைக்கோ இரண்டாவதில்.

டன்டடன் இரண்டாவது சீசன் 12 எபிசோடுகள். சயன்ஸ் சாரு ஸ்டுடியோ தயாரிக்க, முதல் சீசனை இயக்கிய ஃபூகா யமாஷிரோவுடன் ஏபெல் கோங்கோராவும் சேர்ந்து இயக்கினார். முதல் மூன்று எபிசோடுகள் தொலைக்காட்சிக்கு முன்பே தியேட்டரில் படமாக வந்தன. ஏன் என்பது பார்த்தாலே புரியும். மோமோவின் சிறுவயது நண்பன் ஜிஜியின் சபிக்கப்பட்ட வீடு, அதற்கு அடியில் ஒரு ராட்சதப் புழு, அதற்குத் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைப் பலி கொடுத்துவந்த குடும்பம், அப்படிச் செத்துப்போன ஒரு சிறுவனின் ஆவி. சப்டைட்டிலில் அவன் பெயர் ஈவில் ஐ. நம் பேச்சில் சொன்னால் கொள்ளிக்கண். அவன் கண்ணைப் பார்த்தவருக்குச் சாகத் தோன்றும்.

அந்தச் சிறுவன் அடைபட்டிருந்தபடியே வெளியில் மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிகள் இந்த சீசனின் உச்சம். கூப்பிட ஆள் இல்லாத ஒரு குழந்தையின் ஏக்கம் எப்படி விஷமாகிறது என்பதை அதிகம் பேசாமல் காட்டிவிடுகிறார்கள். அப்புறம் அவன் ஜிஜியின் உடம்பில் புகுந்துகொள்கிறான். தண்ணீர் சில்லென்று பட்டால் கொள்ளிக்கண், வெந்நீர் பட்டால் ஜிஜி. இதே மாதிரி தண்ணீர் பட்டால் ஆள் மாறும் பழைய ரான்மா ½ தொடரின் ரசிகர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

இதற்குப் பிறகு சீசன் கொஞ்சம் தடுமாறுகிறது. ஒவ்வொரு துண்டும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆவியை விரட்ட மோமோவின் பாட்டி செய்க்கோ வரவழைப்பது ஒரு ஹெவி மெட்டல் குழுவை. திருவிழாவில் கொட்டும் குழலுமாக வாசிப்பதை ஜப்பானியத்தில் ஹயாஷி என்பார்கள். குழுவின் பெயர் அந்தச் சொல்லை வைத்துச் செய்த விளையாட்டு. உடுக்கை அடித்துப் பேயோட்டுவதைக் கேள்விப்பட்ட நமக்கு இதில் விசித்திரம் எதுவும் தெரியாது, முடி அலங்காரத்தைத் தவிர. அந்தப் பாட்டு எக்ஸ் ஜப்பான் என்ற ராக் குழுவின் பாட்டைப் போலவே இருக்கிறது என்று அதன் தலைவர் யோஷிகி வெளிப்படையாகவே கேட்க, முன்கூட்டித் தெரிவிக்காததற்குத் தயாரிப்புத் தரப்பு மன்னிப்புக் கேட்டதெல்லாம் தனிக்கதை. பிறகு பள்ளி இசை அறையில் பெரிய இசைமேதைகளின் உருவப்படங்கள் உயிர்பெற்றுத் தாக்க, அவற்றிடமிருந்து ஒக்காருன் தாளம் கற்கிறான். கடைசி எபிசோடுகளில் கைஜூ என்கிற ராட்சத மிருகம் வருகிறது. அதோடு மோத, ரோபோ பைத்தியமான கிண்டாவின் கற்பனையில் மோமோவின் வீடே புத்தர் சிலை ரோபோவாக எழுந்து நிற்கிறது. வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் இவை மணி கோத்த மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றனவே தவிர, ஒன்று இன்னொன்றை மாற்றுவதில்லை. கொள்ளிக்கண்ணின் துயரம் அவ்வளவு கனமானது. அது என்ன ஆகிறது? செவ்வாய்க்கிழமை தோறும் ஒக்காருனோடு சண்டை போட்டு விளையாடிக்கொள்ளலாம் என்று ஒப்பந்தம். விளையாட ஆள் கிடைக்காமல் செத்தவனுக்கு விளையாட ஆள் கொடுப்பது அழகான யோசனைதான், மறுக்கவில்லை. அதே வேகத்தில் கதை அடுத்த அரக்கனுக்குத் தாவிவிடுகிறது.

இப்போது மாப் சைக்கோ. போன்ஸ் ஸ்டுடியோ, யுசுரு தச்சிகாவா இயக்கம், 2019 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 13 எபிசோடுகள். முதல் சீசன் 2016இல் வந்தது. இடைவெளி இரண்டு வருடத்துக்கும் மேல். முதல் எபிசோடில் பேய் பெரிய விஷயமே இல்லை. மாணவர் தலைவர் தேர்தலுக்கு நின்ற நாயகன் மாப், மேடையில் ஐந்து நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் நிற்கிறான். அப்புறம் மாப்போடு சும்மா வேடிக்கைக்காகப் பழகும் ஒரு பெண், அவள் ரகசியமாக எழுதும் நாவல், தோழிகள் அதைக் கிழித்துப்போடுவது. ஊரையே தூக்கி எறியக்கூடிய சக்தி உள்ள பையன் தரையில் குனிந்து காகிதத் துண்டுகளைப் பொறுக்குகிறான். சீசன் எங்கே போகப்போகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

பிறகு மொகாமி. ஒரு காலத்தில் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற அமானுஷ்ய நிபுணர், இப்போது கெட்ட ஆவி. அவர் உருவாக்கிய மன உலகத்தில் மாப் சக்தியும் இல்லாமல், நண்பர்களும் இல்லாமல், ஆறு மாதம் அடியும் அவமானமும் வாங்குகிறான். கொள்ளிக்கண்ணையும் மொகாமியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டன்டடனில் துயரம் பேயினுடையது; நாயகர்கள் அதைப் பார்த்துக் கலங்குகிறார்கள், பிறகு சாப்பிடப் போகிறார்கள். இங்கே பேயின் துயரத்துக்குள் நாயகனையே ஆறு மாதம் குடியிருக்க வைக்கிறார்கள். வெளியே வரும் மாப் பழைய மாப் இல்லை.

அந்த மாற்றத்தின் விலையைக் கொடுப்பது ரெய்கென். மாப்பை வேலைக்கு வைத்திருக்கும், முதல் சீசன் முழுக்க நம்மைச் சிரிக்க வைத்த போலி மந்திரவாதி. உப்பைத் தூவி, வாய்ச்சவடாலில் பிழைக்கும் ஆள். நண்பர்களோடு போக வேண்டும் என்று மாப் சொன்னதும், உனக்கு ஏது நண்பர்கள் என்கிற தொனியில் பேசிவிடுகிறான். மாப் விலகிப்போகிறான். ரெய்கென் தனியாகப் பிறந்தநாள் கழிக்கிறான், தொலைக்காட்சிப் புகழுக்கு ஆசைப்படுகிறான், நேரலையில் மாட்டிக்கொள்கிறான். ஏழாவது எபிசோடின் பத்திரிகையாளர் சந்திப்பில் அத்தனை கேமராவுக்கு முன்னால் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறான். பேச்சை மட்டுமே வைத்துப் பிழைத்தவனிடம் பேச்சு இல்லை. சண்டையும் இல்லாத, பேயும் இல்லாத இந்த எபிசோடுதான் இரண்டு சீசன்களிலும் சேர்த்து எனக்குப் பிடித்தது. அதன் முடிவில் மாப் சொல்வதை இங்கே எழுத மாட்டேன்.

மாப் சைக்கோவிலும் குறை உண்டு. மாப்பைப் போலவே சக்தி உள்ளவர்களின் கிளா என்ற ரகசிய அமைப்போடு நடக்கும் கடைசிச் சண்டை நீளம். எதிரித் தலைவன் சுசுகி மனம் மாறுவது அவசரம். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் ஒப்பிட்டால் டன்டடனின் கைஜூ சண்டையே அதிகக் குதூகலம். ஆனாலும் ஊரை அழித்த சண்டைக்குப் பிறகு அந்த இடத்தில் ராட்சத பிராக்கோலி முளைத்து நிற்பதைப் பார்த்ததும் குறையெல்லாம் மறந்துபோகிறது.

தொழில்நுட்பத்தில் யார் மேல் என்று சொல்வது கஷ்டம். சயன்ஸ் சாருவின் படம் பளபளப்பு, வண்ணம், வேகம். கென்சுகே உஷியோவின் இசை அதற்குச் சரியான ஜோடி. மாப் சைக்கோவில் கோடுகள் வேண்டுமென்றே கோணல். உணர்ச்சி ஏறும்போது படம் கிறுக்கலாகவே மாறிவிடும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் டன்டடன் அழகு, ஓடவிட்டுப் பார்த்தால் மாப். குரலில் என் ஓட்டு டர்போ பாட்டிக்கு: ஒன் பீஸ் தொடரின் நாயகன் லூஃபிக்குக் குரல் கொடுக்கும் மயூமி தனகாதான் அந்தக் கிழவி.

எதைப் பார்ப்பது? நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து கூச்சலோடு பார்க்க டன்டடன். தனியாக, ஒரே ஒரு சீசனுக்குத்தான் நேரம் என்றால் மாப் சைக்கோ, யோசிக்கவே வேண்டாம். இரண்டுக்கும் முதல் சீசனைப் பார்த்திருக்க வேண்டும். ரெய்கெனை முதலில் பார்த்துச் சிரிக்காதவருக்கு அந்த ஏழாவது எபிசோடு வெறும் பத்திரிகையாளர் சந்திப்பாகத்தான் தெரியும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டில் பெரியவர்கள் நடமாடும் நேரத்தில் டன்டடன் இரண்டின் முதல் எபிசோடைப் போடாதீர்கள். ஆறு மாதம் நிறுத்திவைத்த அந்த வெந்நீர்க் குளத்துக் காட்சி அதில்தான் தொடர்கிறது.