68,500 ரூபாவுக்கு ஒரு உடைந்த தகடு: தோட்ட வண்டிக்கு விண்ட்ஸ்கிரீன் தேடுகிறவர்கள் கவனம்

68,500 ரூபா. கூரியர் காசு வேறு. போனது போகட்டும் விடு என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது, விட முடியவில்லை. விற்றவர்களின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், அது முடியட்டும். பேஸ்புக்கில் பக்கம் வைத்துக்கொண்டு, கொழும்பில் கடையும் இருக்கிறது என்று சொல்லி, ஜீப்புக்கும் தோட்ட வண்டிகளுக்கும் உதிரிப்பாகம் விற்கிற ஆட்கள். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

எங்களிடம் இருப்பது பழைய கவாசாக்கி மியூல். ஹோட்டலை மூடிவிட்ட ஒருவரிடம் இவர், என் வீட்டுக்காரர், வாங்கியது. முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம், பின்னுக்குத் தேங்காயோ உரமோ ஏற்றலாம். கூரையையும் குழாய்ச் சட்டத்தையும் தவிர வேறு மறைப்புக் கிடையாது. குச்சவெளியில் இருந்து திரியாய்ப் பக்கம் உள்ளே இறங்குகிற தோட்டப் பாதைகள் கச்சான் காற்றுக் காலத்தில் எப்படி இருக்கும் என்று அங்கே போய்வருகிறவர்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு உழவு மெஷின் போனால் போதும், கண்ணிலும் மூக்கிலும் பல்லிலும் மண்தான். மாரியில் வாடைக்காற்றோடு மழை நேரே முகத்தில் அடிக்கும். முன்கண்ணாடி ஒன்று போட்டே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றது நான்தான்.

உண்மையான கண்ணாடி போடலாமா என்றுதான் முதலில் விசாரித்தோம். காரில் முன்னுக்கு இருப்பது லமினேட்டட், இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்டிக் படலம். உடைந்தாலும் துண்டுகள் பறக்காமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் அதற்கு அசையாத சட்டம் வேண்டும். இந்த மாதிரி வண்டி குழிக்குள் விழுந்து எழும்பும்போதெல்லாம் குழாய்ச் சட்டம் முறுகும், கண்ணாடியின் பாரமும் கூட. அதனால் இவற்றுக்குப் பெரும்பாலும் பொலிகாபனேட் என்கிற பிளாஸ்டிக் தகடுதான் போடுகிறார்கள். வளைந்து கொடுக்கும், கல் பட்டாலும் இலேசில் உடையாது. குறை என்னவென்றால் சும்மா துடைத்தாலே கீறல் விழும், வெயிலில் மஞ்சளாகும். அதைத் தடுக்கத்தான் மேலே இரண்டு விதப் பூச்சு. இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் அவர்களைக் கேட்டேன்.

கதைத்த பெடியன் நல்ல தமிழில், "அக்கா திருகோணமலையா? எங்கட அம்மம்மா வீடும் அங்கதான், கன்னியாப் பக்கம்" என்று தொடங்கினான். கதை வளர்ந்தது. "அசல் பொலிகாபனேட் அக்கா. ஆறு மில்லிமீட்டர், ஹார்ட் கோட்டிங் போட்டது. நம்பாட்டி இதைப் பாருங்க" என்று வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். இரண்டு கல்லின் மேல் தகட்டை வைத்து ஒருவர் சுத்தியலால் ஓங்கி அடிக்கிறார். சுத்தியல் துள்ளித் திரும்புகிறது. பிறகு அடித்த இடத்தை உள்ளங்கையால் தடவிக் கமராவுக்குக் காட்டுகிறார், ஒரு வெடிப்பும் இல்லை. இவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, காசைப் போடு" என்றார். அதைப் பார்த்த எவருக்கும் நம்பிக்கை வந்திருக்கும். கணக்கு கடையின் பெயரில் இல்லையே என்று கேட்டேன். "அது முதலாளியின்ட கணக்கு அக்கா" என்றான். பாதி முதலில், மீதி அனுப்புவதற்கு முன்னால். முழுதாக 68,500 ரூபா போட்டு முடித்தாயிற்று.

சாமான் வந்தது. மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. விளிம்பெல்லாம் வாளால் அறுத்த மாதிரிப் பிசிறு. அளவு நாடாவைக் குழாயில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன், அப்படியிருந்தும் தகட்டைக் குழாயோடு பிடிக்கிறதுக்கு வந்த கிளாம்ப் எங்கள் குழாயைவிடப் பெரிது. நிலாவெளியில் எங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸ் பழைய ரியூப்பை வெட்டிச் சுற்றி ஒருவாறு பூட்டித் தந்தார். பூட்டும்போதே, "இது பொலிகாபனேட் மாதிரித் தெரியேல்ல தங்கச்சி" என்றார்.

தூசிக் கதை தனி. அரைக் கண்ணாடி போதுமா, முழுதாகப் போடவா என்று நான் கேட்டபோது "முழுசுதான் சேஃப்" என்று சொல்லி விற்றான். பின்பக்கம் திறந்த வண்டிக்கு முன்னால் மட்டும் முழுத் தகடு பூட்டினால், ஓடும்போது காற்று பின்னால் இருந்து சுழன்று உள்ளே வரும். சில்லு கிளப்புகிற புழுதி அவ்வளவும் அதோடு வந்து பிடரியில் இறங்கும். ஒன்றில் அரைக் கண்ணாடி போடவேண்டும், இல்லாவிட்டால் பின்னாலும் ஒரு மறைப்புப் போடவேண்டும். இதே தொழிலைச் செய்கிறவனுக்கு இது தெரியாதா?

ஒரு கிழமைகூடப் போகவில்லை, ஆணி ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி வெடிப்பு வந்தது. அடுத்த மேட்டில் வண்டி ஏறி இறங்க, வலப்பக்கம் அப்படியே பிளந்து இவரின் மடியில் விழுந்தது. கத்தி முனை மாதிரித் துண்டுகள். கை கிழிந்தது, கண் தப்பியது.

துண்டுகளில் ஒன்றை டவுனுக்குக் கொண்டுபோய்ப் பெயர்ப்பலகை செய்கிற ஒருவரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் குறட்டால் சின்னத் துண்டொன்றைப் பிடித்து லைட்டரைக் காட்டினார். சடசடவென்று பிடித்தது. லைட்டரை எடுத்த பிறகும் நின்று எரிந்தது, பழம் மாதிரி ஒரு இனிப்பு வாசம் வந்தது. பிறகு தன்னிடம் இருந்த பொலிகாபனேட் துண்டில் நெருப்பு வைத்தார். கரும்புகை விட்டு, லைட்டரை எடுத்ததும் அணைந்துவிட்டது. "இது அக்ரிலிக், நாங்கள் போர்டுக்குப் போடுற சாமான்" என்றார். போர்டுக்குப் போடுகிற சாமானுக்கு 68,500 ரூபா!

இனி அவர்கள் தட்டிக்கழித்த விதத்தைக் கேளுங்கள். முதலில் "உங்கட பாஸ் கூட இறுக்கியிருப்பார்" என்றார்கள். பிறகு "பெட்டியைத் திறக்கிறதை வீடியோ எடுத்தனீங்களா?" என்றார்கள். அதற்கு அடுத்தது "மேனேஜர் வெளியில" என்ற பதில். ஒருநாள் வேறொரு குரல், "அண்ணாவைக் கதைக்கச் சொல்லுங்க, உங்களுக்கு இது விளங்காது" என்றது. காசு போட்டது நான், அளவு எடுத்தது நான், எனக்கு விளங்காதாம். கன்னியா அம்மம்மாவின் பேரன் பிறகு போனே தூக்கவில்லை. நெருப்பு வைத்த வீடியோவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, கொஞ்ச நேரத்தில் அவர்களின் படமும் மறைந்தது. என்னை மறித்துவிட்டார்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதவேண்டும் என்றுதான் தொடங்கினேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். வீடியோவை நம்பாதீர்கள், அதில் அடி வாங்குகிற தகடு உங்களுக்கு வரப்போகிற தகடு இல்லை. உங்கள் தகட்டிலேயே வெட்டி மிஞ்சிய துண்டைச் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், வந்ததும் வளைத்துப் பாருங்கள், அக்ரிலிக் என்றால் படக்கென்று முறியும். கையில் பார்க்காமல் முழுக்காசும் போடவேண்டாம், அதுவும் தனியாளின் கணக்குக்கு. ஆணி ஓட்டை ஆணியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கவேண்டும், இடையில் ரப்பர் வாஷர் வேண்டும், வெயிலில் தகடு விரியும். நல்லது கிடைத்தால் பெட்ரோலாலோ அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தாலோ துடைக்காதீர்கள், சவர்க்காரத் தண்ணீர் போதும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. காசு போட்ட துண்டு, வட்ஸ்அப் கதைகள், உடைந்த தகடு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை அழைக்கிறேன். அந்தப் பக்கத்தில் சுத்தியல் வீடியோ இன்றைக்கும் ஓடுகிறது. திருகோணமலையில் யாரிடமாவது மியூலுக்குப் பொருந்துகிற அரைக் கண்ணாடி இருந்தால் சொல்லுங்கள். நேரே வந்து, வளைத்துப் பார்த்துத்தான் காசு தருவேன்.