எண்ணூர் மண்ணில் எல்என்ஜி டாங்க்: தரையில் படுக்க வைப்பதா, தூணில் தூக்கி நிறுத்துவதா?

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-இல் எல்என்ஜி, அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு, இறக்கும் முனையம் தொடங்கியது. அங்கே இரண்டு டாங்குகள். ஒவ்வொன்றும் 1,80,000 கன மீட்டர் கொள்ளும். இவ்வளவு பெரிய டாங்கைப் பார்த்தால் கண் குவிமாடத்துக்குத்தான் போகும். எனக்கோ அதன் அடியில் என்ன இருக்கிறது என்பதில்தான் அக்கறை. இப்படி ஒரு டாங்கை இந்த மண்ணில் உட்கார வைக்க இரண்டு வழிகள் உண்டு.

உள்ளே இருக்கும் திரவம் மைனஸ் 162 டிகிரி. அடியில் போடும் நுரைக்கண்ணாடிக் கட்டிகள் குளிர் இறங்குவதை மெதுவாக்கும், அடியோடு நிறுத்தாது. ராப்பகலாக, வருடக்கணக்கில் குளிர் இறங்கிக்கொண்டே இருந்தால் மண்ணில் உள்ள தண்ணீர் உறையும். வண்டலும் களியும் கலந்த மண் என்றால் கீழேயிருந்து மேலும் மேலும் தண்ணீரை உறிஞ்சும். பனி அடுக்கடுக்காகத் தடித்துத் தளத்தையே தூக்கிவிடும். பெரிய கோல்டு ஸ்டோரேஜ் கட்டியவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்.

முதல் வழி, கான்கிரீட் தளத்தை நேரே தரையில் போட்டு, அதற்குள் ஹீட்டர் கேபிள் ஓடவிடுவது. சென்சார் பார்த்துக்கொண்டே மண்ணைப் பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி மேலே வைத்திருப்பார்கள். தளம் முழுக்க மண் தாங்குவதால் தடிமன் குறைவு, கான்கிரீட்டும் குறைவு. ஆனால் டாங்க் இருக்கும் காலம் முழுக்கக் கரண்ட் வேண்டும். கேபிள் பழுதானால் டாங்கைக் காலி செய்து பார்ப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் கேபிளை உருவி மாற்றும்படி குழாய்க்குள் விடுவார்கள், உபரி இணைப்பும் வைப்பார்கள்.

இரண்டாவது வழியில் பைல்களை, அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூண்களை, தரைக்கு மேலே ஆள் குனிந்து போகும் உயரத்துக்கு நீட்டி, அதன்மேல் தளம் போடுவார்கள். இடையில் காற்று ஓடும். அந்தக் காற்றே ஹீட்டர். நம் ஊர்க் காற்றின் சூட்டுக்கு இது தாராளம்.

கணக்கு மாறுவது மண்ணில்தான். எல்என்ஜி தண்ணீரில் பாதி எடைகூட இல்லை, கன மீட்டருக்கு ஏறக்குறைய 450 கிலோ. ஆனாலும் 35 மீட்டர் உயரம் நிரம்பினால் சதுர மீட்டருக்குச் சுமார் 16 டன். அதற்கு முன்பே, தண்ணீர் விட்டுச் சோதிக்கும்போது, இதைப்போல ஒன்றேகால் மடங்கு, அதாவது 20 டன், ஏற்றிப் பார்ப்பார்கள். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தையொட்டிய மண்ணோ தளர்ந்த மணலும் களியும். நிலத்தடி நீரும் கைக்கெட்டும் ஆழத்தில். இதில் தளத்தைச் சும்மா வைத்தால் நடுப்பகுதி ஓரத்தைவிட அதிகம் இறங்கித் தட்டுபோலக் குழியும். சென்னை மிதமான நிலநடுக்க அபாயம் உள்ள பகுதி. நீர் கோத்த தளர்மணல் ஆட்டத்தில் குழைந்துபோகும் அபாயமும் உண்டு.

அதனால் களி தடிமனாக இருக்கும் இடத்தில் எந்த வழியில் போனாலும் பைல் இறக்கியே ஆக வேண்டும். பைலுக்கு எப்படியும் செலவு செய்துவிட்ட பிறகு, தளத்தை மண்ணோடு ஒட்ட வைத்து ஹீட்டரையும் ஏன் காலமெல்லாம் சுமக்க வேண்டும்? கொஞ்சம் தூக்கிவிடலாம். என் ஓட்டு இரண்டாவது வழிக்கே. களி இல்லாமல் மணலாகவே இருந்து, அதைக் கல்தூண் (துளையில் ஜல்லி நிரப்பி இறுக்கியது) போட்டோ அதிர்வில் இறுக்கியோ கெட்டிப்படுத்த முடிகிற மனை என்றால் சரி, முதல் வழி மலிவாக வரலாம்.

தூக்கி வைப்பதிலும் கவனிக்க நிறைய இருக்கிறது. பைலுக்குப் பைல் பாலம்போல நிற்பதால் தளம் தடிமனாக வேண்டும். நிலநடுக்கத்தில் வெளியே நீட்டிய பைல் தலைதான் அதிகம் வளையும், அங்கே கம்பியில் சிக்கனம் கூடாது. உப்புக்காற்றில் அந்தக் கம்பி துருப்பிடிக்காமலும் காக்க வேண்டும். கசியும் வாயு இடைவெளியில் தேங்கலாம், டிடெக்டர் கட்டாயம்.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீரோடு எண்ணெய்ப் படலமும் பரவியதைப் பார்த்தோம். அப்படிப்பட்ட வெள்ளம் அந்த இடைவெளிக்குள் புகுந்தால் காற்றோட்டம் அடைபடும், தண்ணீர் வடிந்தாலும் சேறு தங்கும். அதனால் டாங்க் மனையின் தரை மட்டத்தை முடிவு செய்யும்போதே வெள்ளக் கணக்கையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.