அதிமதுரம்: ஏழு மாதம் தினமும் சாப்பிட்டதில் கண்டது

டியூஷன் எடுப்பவர்களுக்குத் தொண்டைதான் முதல். சாயங்காலம் மூணு பேட்ச் முடித்து எழுந்தால் எனக்குக் குரலே வராது. போன வருஷம் ஜூனில் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி, இடித்துச் சலித்து, காலையும் இரவும் அரை ஸ்பூன் தேனில் குழைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து நாளில் கரகரப்பு அடங்கியது. ராத்திரி எழுப்பிவிடும் வறட்டு இருமலும் நின்றது. நெஞ்செரிச்சல்கூடக் குறைந்தது, ஆனால் அதே வாரம்தான் ராத்திரி பரோட்டாவை விட்டேன், பேரை முழுக்க வேருக்கே கொடுக்க முடியாது.

ஜனவரியில் ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவிலும் ஒன்றும் ஆகவில்லை. சேர்வராயன் கோயிலுக்கு வண்டியை விட்டு இறங்கி நடந்த கொஞ்ச தூரத்தில் தொடை இரண்டும் துவண்டுவிட்டது. அதற்கு முன்பே கொலுசுத் தடம் காலில் அழுந்தி நிற்கும். உடம்பு போட்டுவிட்டது என்று விட்டிருந்தேன். கீழே வந்து பார்த்தால் பிரஷர் 170/100, பொட்டாசியம் 2.9. குறைந்தது 3.5 இருக்கணும்.

"வேற ஏதாச்சும் மருந்து எடுக்கறீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

"பிரஷர் மாத்திரை மட்டுந்தாங்க."

வீட்டுக்காரர்தான் பக்கத்திலிருந்து, "அந்த அதிமதுரத்தைச் சொல்லு" என்றார். தேனில் குழைத்து நக்குவது எனக்கு மருந்துக் கணக்கிலேயே வரவில்லை.

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்ற பொருள். சிறுநீரகத்தில் கார்டிசோல் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கும் ஒரு நொதியை அது தடுத்துவிடுகிறது. அடங்காத கார்டிசோல் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. என் பிரஷர் மாத்திரையில் நீர் பிரிய வைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. அதுவும் பொட்டாசியத்தைக் குறைப்பதுதான். ஐரோப்பாவில் நாளுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். வேருக்கு வேர் அளவு மாறும். 5 சதவீதம் என்று வைத்தாலே என் 3 கிராம் பொடியில் 150 வந்துவிடுகிறது, அதுவும் ஏழு மாதம் விடாமல்!

நிறுத்தி, பொட்டாசியம் சிரப் குடித்து, பிரஷர் பழையபடி இறங்க ஒரு மாதம் பிடித்தது.

இப்போதும் அதிமதுரத்தை விட்டுவிடவில்லை. தொண்டை கட்டினால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சின்னத் துண்டு ஒன்று, இரண்டு மூன்று நாள், அவ்வளவுதான். எங்கள் அம்மாயியும் வாயில் அடக்கிக்கொள்ளத்தான் சொல்வார். ஸ்பூனில் அள்ளி விழுங்கியது என் கெட்டிக்காரத்தனம். பிரஷர், இதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். இதயத்துக்காக டிகாக்சின் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

வாங்குவதானால் பொடி வேண்டாம், குச்சியாகக் கேளுங்கள். ஒடித்தால் உள்ளே மஞ்சளாக, நார் நாராக இருக்கணும். குன்றிமணி வேரை இதன் பெயரில் தள்ளிவிடுவதும் உண்டு.