கேரவனா, கேம்பர்வேனா?

மெல்பர்னிலிருந்து கடலோரமாகவே பிரின்சஸ் ஹைவேயில் சிட்னி வரை, 1,000 கிலோமீட்டருக்கு மேல், இரண்டே பேர். காருக்குப் பின்னால் கேரவனை (சக்கரம் வைத்த குட்டி வீடு) இழுப்பதா, கேம்பர்வேன் (படுக்கை, சமையல் வசதி உள்ளேயே இருக்கும் வேன்) எடுப்பதா? இரண்டிலும் போய்ப் பார்த்தாயிற்று.

செலவு: கேரவனை இழுக்கத் தெம்பான வண்டி வேண்டும், பெட்ரோலும் குடிக்கும். கேம்பர்வேனில் எல்லாம் ஒன்றிலேயே முடிந்துவிடும்.

ஓட்டுவது: கேம்பர்வேன் பெரிய கார் மாதிரிதான். கேரவனை ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அது வலப்பக்கம் போகும்; லேக்ஸ் என்ட்ரன்ஸ் என்ற ஊரில் மனைவி பின்னால் நின்று கை காட்ட, நான் தப்பாகவே புரிந்துகொள்ள, பக்கத்து டென்ட்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

தங்குவது: இங்கே கேரவன்தான். நரூமாவில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டு, காரில் சென்ட்ரல் டில்பா போய்ச் சீஸ் வாங்கி வரலாம். கேம்பர்வேனில் பால் வாங்கக்கூடப் படுக்கையைச் சுருட்டி, கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் கிளம்பணும்.

தினம் ஓர் ஊர் என்றால் கேம்பர்வேன். ஒரே இடத்தில் நாலைந்து நாள் காலை நீட்டி இருப்பீர்கள் என்றால் கேரவன். அப்புறம், எதுவானாலும் பொழுது சாயும் முன் நிறுத்திவிடுங்கள், கங்காருக்கள் ரோட்டுக்கு வரும் நேரம்.