பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்: 1,230 ரிங்கிட் பறிபோனது

1,230 ரிங்கிட். மடிக்கணினிக்கு 1,150, பிறகு "விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லி வாங்கிய 80. நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணி. கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். எங்களுக்கு இது எவ்வளவு பெரிய தொகை என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆறாம் படிவம் படிக்கும் மகளுக்காக மாதாமாதம் ஒதுக்கி வைத்த பணம். வயிறு எரிகிறது.

கடையின் பெயரை எழுதவில்லை, புகார் கொடுக்கும் வேலை இருக்கிறது. கைப்பேசி பழுதுபார்த்துக்கொண்டே பழைய மடிக்கணினிகளையும் விற்கும் கடை என்ற அளவில் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்லாவில் இருந்த தம்பி தமிழர். எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்து, தன் தாத்தாவும் பால்மரம் சீவியவர்தான் என்றார். "அக்கா, நம் ஆட்களிடம் நான் லாபம் பார்ப்பதில்லை. புது எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன், விண்டோஸும் நேற்றுதான் புதிதாக ஏற்றினேன். விண்டோஸ் 11 வரைக்கும் தாராளமாகப் போகும்" என்றார். எஸ்எஸ்டி என்றால் பழைய சுற்றும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு வட்டு. விசைப்பலகைக்குக் கீழே பளபளவென்று 'எஸ்எஸ்டி 256 ஜிபி' என்று ஒரு ஸ்டிக்கர். அதை விரலால் தட்டிக் காட்டிவிட்டு மூடியைத் திறந்தார். கண் சிமிட்டுவதற்குள் திரை எரிந்தது. மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஐம்பது வெள்ளித் தாள்களாக எண்ணி அவர் கையில் கொடுத்தேன்.

அந்தக் கணினி அணைக்கப்பட்டே இருக்கவில்லை. உறக்க நிலையில் வைத்து மூடியிருந்தார்கள். உறக்க நிலையில் எல்லாம் ரேம் என்ற தற்காலிக நினைவகத்தில் அப்படியே காத்திருக்கும். மூடியைத் திறந்தால் எந்தக் கிழட்டுக் கணினியும் உடனே விழித்துக்கொள்ளும். வட்டு நல்லதா கெட்டதா என்பது அதில் தெரியவே தெரியாது. என் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வித்தையைச் செய்தார்கள்.

வீட்டில் முழுதாக அணைத்துவிட்டு மறுபடி போட்டால், வெள்ளைப் புள்ளிகள் சுற்றுகின்றன, சுற்றிக்கொண்டே இருக்கின்றன. கடவுச்சொல் கொடுத்த பிறகு கறுப்புத் திரை. ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் ஒரு ஃபைலையாவது திறக்க முடிந்தது.

கடைக்குப் போனேன். "புதிதாக விண்டோஸ் போட்டால் அப்டேட் இறங்கும் அக்கா, ஓரிரு நாள் அப்படித்தான் இருக்கும்" என்றார். அது ஓரளவு உண்மை என்பதுதான் கொடுமை. புதிதாக ஏற்றிய விண்டோஸ் பின்னணியில் புதுப்பிப்புகளை இறக்கும், கோப்புகளை அட்டவணைப்படுத்தும், கொஞ்ச காலம் மந்தமாகத்தான் இருக்கும். அந்த உண்மைக்குப் பின்னால் நின்றுகொண்டு பொய் சொன்னார். பிறகு எங்கள் தோட்டத்து இணையம் சரியில்லை என்றார். கணினி எழுந்திருப்பதற்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம்? அதன் பிறகு, மகள் எதையோ இறக்கி வைரஸ் ஏற்றிவிட்டாள் என்றார். பெண்பிள்ளை மீதே பழி! மறுபடி விண்டோஸ் போட 80 வாங்கினார். அவள் பாடக் குறிப்புகளெல்லாம் அழிந்தன. வேகம் மட்டும் மாறவில்லை.

ஈப்போவில் கணினிப் பழுது பார்க்கும் என் கொழுந்தன் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கணினிக்குள் என்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். எந்த வேலையும் ஓடாதபோதே வட்டு 100 சதவீதத்தில் நின்றது. வகை என்ற இடத்தில் எச்டிடி, அதாவது ஹார்ட் டிஸ்க் என்றே எழுதியிருந்தது. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் மஞ்சள் எச்சரிக்கை காட்டியது. 23,000 மணி நேரத்துக்கு மேல் ஓடிய வட்டு, பழுதான பகுதிகள் நிறைய. அடிமூடியைக் கழற்றினார். உள்ளே நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் பழைய ஹார்ட் டிஸ்க், லேபிளில் 2015 என்று இருந்தது. எஸ்எஸ்டி ஸ்டிக்கரில் மட்டும்தான். தேய்ந்த வட்டின் மேல் எத்தனை முறை விண்டோஸ் போட்டாலும் அதே கதிதான். பழுதான இடத்தைப் படிக்கத் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே கிடக்கும். கணினியின் மூளையான பிராசஸரும் இன்டெல் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11க்கான அதிகாரப்பூர்வப் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

வட்டைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால், "நீங்களே திறந்துவிட்டீர்களே, வாரண்டி போய்விட்டது அக்கா" என்கிறார். முதலாளியைக் கூப்பிடச் சொன்னேன். அவர் கைப்பேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "பழைய சாமான் பழைய சாமான் மாதிரிதான் இருக்கும்" என்றார். 1,230 ரிங்கிட் வாங்கிய வாய் அது. நான் பழைய கணினியைத்தான் கேட்டேன், பொய்யைக் கேட்கவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. மூடியைத் திறந்து காட்டினால் நம்பாதீர்கள், உங்கள் கண் முன்னால் ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லி நேரம் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் வட்டின் வகையைக் காட்டச் சொல்லுங்கள். ரசீதில் எஸ்எஸ்டி என்று எழுதித் தராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வட்டைச் சோதிக்காமல் மறுபடி விண்டோஸ் போட ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று ரசீதில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், கடைக்காரர் விற்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். அப்படி அச்சடித்து அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுவுக்குக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நான் படிவத்தை நிரப்பத் தொடங்கிவிட்டேன். இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய கணினியை இங்கே வாங்கியவர்கள் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம்.